முப்பத்தாறு அடி

கோப்பைக்குள் தண்ணீர் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். 'களக்' என்று ஒரு முறை. சற்று விட்டு மறுபடி ஒரு முறை. கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் இருந்தது. காலையில் கக்கூஸில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றியபோது அதை முதன்முதலாகக் கேட்டேன். தண்ணீர் இறங்கியது. ஆனால் எப்போதும்போல உடனே இறங்காமல், நின்று யோசித்துவிட்டு இறங்கியது. அன்றைய டைரியில் "கக்கூஸ்: தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. சத்தம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவள். நாள் முழுவதும் அடுத்தவர் நிலத்தின் எல்லைகளைப் பிரதி எடுப்பது என் வேலை. கிழமேல் அடி நாற்பது, தென்வடல் அடி அறுபத்திரண்டு. ஓர் எண் தவறினால் ஒரு குடும்பம் பத்து வருடம் கோர்ட்டுக்கு அலையும் என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே பழக்குவார்கள். அதே கையால் வீட்டு விஷயங்களையும் கல்யாணமான வருடத்திலிருந்து டைரியில் எழுதி வருகிறேன். ஓடு மாற்றிய நாள், கிணற்றில் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது, யாருக்கு எத்தனை நாள் ஜுரம். செப்டிக் டேங்க் பற்றியும் அதில் ஒரு பக்கம் இருந்தது. அன்று மாலை பழைய டைரிகளை இறக்கி அதைத் தேடி எடுத்தேன்.

"மூடி: கிணற்றுச் சுவரிலிருந்து தெற்கே 36 அடி. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை திறந்து அள்ள வேண்டும் என்று கொத்தனார் சொன்னார்."

இரண்டாவது வாக்கியத்துக்கு அடியில் கோடுகூடப் போட்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில், ஆள் வந்து அள்ளிப்போகும் எடுப்புக் கக்கூஸை மூடிவிட்டு என் மாமனார் கட்டிய டேங்க் அது. கட்டி முடித்த வாரத்தில் அவர் அளந்து சொல்ல, நான் எழுதியது. அதற்குப் பிறகு மூன்று வருடங்கள் மூன்று தடவை வந்து போயின. ஒரு தடவையும் திறக்கவில்லை. நான் நினைவூட்டும்போதெல்லாம் என் கணவர், "நாலு பேர் இருக்கிற வீடு. அது பாட்டுக்கு இருக்குது. கெளறி விடாதே" என்பார். சாப்பிடும்போது பேசக்கூடாத விஷயம் என்று ஆரம்பித்து, எப்போதுமே பேசாத விஷயமாகிவிட்டது. நடுவில் மாமனார் காலமானார். கொல்லை சேறாகிறது என்று முக்கால் அடி மண் கொட்டி, அதன்மேல் சிமெண்ட் தளம் போட்டோம். மூடி அதற்குள் போய்விட்டது. அதனால் என்ன, டைரியில் இருக்கிறதே என்று அப்போது நான்தான் சொன்னேன்.

அந்தச் சத்தம் என்னை அவ்வளவு கலக்கியதற்குக் காரணம் என் மகள். வளைகாப்பு முடிந்து ஐப்பசியில் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாவது மாதம். குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். தெருக்குழாயில் நூலாக வரும் தண்ணீருக்கு வரிசையில் நின்றால் அலுவலகத்துக்குப் போக முடியாது. மாதப் பரிசோதனைக்குப் போனபோது லேடி டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"ஊர்ல மஞ்சக்காமாலை இருக்குதும்மா. சாக்கடை கலந்த தண்ணியில வர்றது. மத்தவங்களுக்கு வந்தா பத்தியம் இருந்து தேறிடுவாங்க. பிள்ளைத்தாச்சிக்குக் கடைசி மாசத்துல வந்தா என்னால எதுவும் உறுதியா சொல்ல முடியாது. தண்ணி விஷயத்துல ஜாக்கிரதையா இருங்க."

அங்கேயே மனதில் கணக்குப் போட்டேன். கிணற்றிலிருந்து டேங்க் முப்பது அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்று கொத்தனார் அன்று சொன்னது நினைவிருந்தது. எங்களுடையது முப்பத்தாறு. ஆறு அடி ஜாஸ்தியாகவே இருக்கிறது. அந்த ஆறு அடியை நம்பி ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

சத்தம் கேட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு சந்து போகிறது. டேங்க்கில் தெளிந்து வழியும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக அந்தச் சந்துச் சாக்கடையில் விழும். டேங்க் கட்டிய காலத்தில் குழாயின் வாய் சாக்கடைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அதற்குப் பிறகு சந்துக்கு எத்தனையோ தடவை ரோடு போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு. ரோடு உயர, சாக்கடையும் உயர, குழாயின் வாய் உள்ளே அமுங்கிவிட்டது. "நாம எறங்கல, ஊரு ஏறிடுச்சு" என்று என் கணவர் வேடிக்கையாகச் சொல்வார். அது வேடிக்கை இல்லை என்று அன்று பிற்பகல் தெரிந்தது.

"அம்மா, இங்க வாயேன். கக்கூஸ்ல தண்ணி மேல வருது" என்று மகள் கூப்பிட்டாள்.

போய்ப் பார்த்தேன். கோப்பைக்குள்ளிருந்து கறுப்பாக, அவசரமில்லாமல், பால் பொங்குவதுபோல ஏறிக்கொண்டிருந்தது. விளிம்பைத் தொட்டது. தாண்டியது. வாசற்படியில் வழிந்து கொல்லைத் தளத்தில் இறங்கி, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பியது. சரிவு துவைக்கிற கல்லை நோக்கி இருந்தது. துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் கிணறு.

மகளை உள்ளே போகச் சொல்லிக் கத்தினேன். நானும் என் கணவரும் அடுப்புச் சாம்பல், தவிட்டு மூட்டை, பழைய கோணி, கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு அணை கட்டினோம். மழை சற்று விட்டதும் ஏற்றம் நின்றது. சந்தில் எட்டிப் பார்த்தேன். சாக்கடை முட்ட நிரம்பி ரோட்டோடு ரோடாக ஓடிக்கொண்டிருந்தது. போக வழியில்லாத தண்ணீர், எங்கள் குழாய் வழியாக உள்ளே வந்து, டேங்க்கில் இருந்ததையும் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறது.

அலுவலகப் பையிலிருந்த நாடாவை எடுத்து, கறுப்பு நின்ற இடத்திலிருந்து கிணற்றுச் சுவர்வரை அளந்தேன். எட்டு அடி மூன்று அங்குலம். "அளந்து என்ன பண்ணப் போற?" என்றார் கணவர். எனக்கும் தெரியவில்லை. அளக்காமல் இருக்க முடியவில்லை.

உள்ளே போய் மகளிடம் கேட்டேன். "காலையிலேருந்து எத்தன தடவ தண்ணி குடிச்ச?"

"அத யாரும்மா எண்ணுவாங்க?"

"யோசிச்சு சொல்லு."

"மூணு செம்பு இருக்கும். ஏன், முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்குது உனக்கு?"

மூன்று செம்பு என்று எழுதிக்கொண்டேன். அன்று மாலையிலிருந்து அவளுக்குக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் மட்டும். எதிர்வீட்டில் கெஞ்சிக் கேட்டு, அவர்கள் கக்கூஸுக்கு அவளை அனுப்பினேன். அந்த மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போக வேண்டியிருக்கும் என்பது பெண்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஈரத் தெருவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய் வந்தேன். அவளை மாமியார் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வளைகாப்பு முடித்து அழைத்து வந்த பெண்ணை எந்த முகத்தோடு அனுப்புவது? பஸ் குலுக்கலில் வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டால்?

மறுநாள் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். எங்கள் தெருவைப் பெருக்கும் நகராட்சித் தொழிலாளி ஒருவர் உண்டு. நாற்பது வயது இருக்கும். காதில் எப்போதும் பாதி பீடி. டேங்க் அள்ளும் வேலையும் தெரிந்தவர். என் கணவர் தேரடிப் பக்கம் தேடிப்போய் அவரைப் பிடித்தார்.

"தீபத்துக்கு ஊரையே கழுவினு இருக்கோம் சார், மூச்சு வுட நேரமில்ல. முடிஞ்சி வர்றேன்" என்றாராம் முதலில். வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கிறாள் என்றதும், "நாளைக்குக் காலையில வர்றேன். மூடி எங்க இருக்குதுன்னு மட்டும் காட்டிடுங்க. தேடினு நிக்க எனக்கு டைம் இல்ல" என்றாராம்.

"அதெல்லாம் இவ எழுதி வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றார் கணவர். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவரும் அவரோடு இன்னொருவரும் கடப்பாரை, மண்வெட்டி, நீளமான மூங்கிலில் கட்டிய வாளியோடு வந்தார்கள். நான் டைரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கணவர் நாடாவின் ஒரு முனையைக் கிணற்றுச் சுவரில் அழுத்தினார். தெற்கே முப்பத்தாறு அடியில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டேன். சிமெண்ட் உடைந்தது. மண் வந்தது. இன்னும் மண். ஒரு முழம் ஆழத்துக்குப் போயும் மண்தான்.

"ஒரு அடி அப்படி இப்படி இருக்கும்" என்றார் கணவர். பள்ளத்தைக் கிழக்கே நீட்டினார்கள். பிறகு மேற்கே. ஒன்றுமில்லை.

அந்த நேரம் பார்த்து, தீபத்துக்கென்று கீழ்பென்னாத்தூரிலிருந்து நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் வந்து இறங்கினார்கள். நாத்தனார் பையைக்கூட வைக்கவில்லை.

"என்னா அண்ணி, தீபத்துக்கு வாங்கன்னு சொல்லிட்டு கொல்லையில பள்ளம் தோண்டி வச்சிருக்கீங்க? பொதையல் ஏதாவது கெடக்குதா?"

பள்ளத்துக்குள் நின்றவர் நிமிராமலே சொன்னார். "பொதையல்தாம்மா. வீட்ல எல்லாருமா சேந்து சேத்து வச்சது."

நாத்தனார் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வானம் மறுபடி மூடிக்கொண்டு வந்தது. இன்னொரு மழை பெய்தால் அந்தக் கறுப்புக்கு மீதி எட்டு அடி ஒரு தூரமே இல்லை. டைரியில் தப்பு இருக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நிமிடம், இது ஒன்று தப்பு என்றால் இத்தனை வருடம் எழுதியதில் வேறு எதெல்லாம் தப்பு என்று தோன்றியது.

"எழுதனது நீங்கதான். அளந்தது யாரு?" என்று கேட்டார் பள்ளத்தில் இருந்தவர்.

"எங்க மாமனார்."

"டேப்பு வச்சா?"

அவர் அளந்த அன்று நான் சமையலறைக்குள் இருந்தேன். கொல்லையிலிருந்து அவர் எண்ணும் குரல் கேட்டது. கடைசியில், "முப்பத்தாறு அடி, எழுதிக்கோம்மா" என்றார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். பார்க்கவில்லை, கேட்டதை எழுதினேன்.

கொல்லைக் கதவில் சாய்ந்து நின்றிருந்த மகள்தான் சொன்னாள். "டேப்பு ஏதும்மா? தாத்தா அடி அடியா வச்சில்ல போனாரு. என்னைத் தொவைக்கிற கல்லு மேல உக்கார வச்சி கூடவே எண்ணச் சொன்னாரு. நடுவுல நான் பேசிட்டா மறுபடி கெணத்துக்கிட்ட போய் ஒண்ணுலேருந்து ஆரம்பிப்பாரு."

அப்போது அவளுக்குப் பத்து வயது. ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் கட்டைவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து, மாமனார் வருடந்தோறும் கோயில் பிராகாரத்தில் அடிப் பிரதட்சணம் செய்வார். இந்த ஊரில் அடி என்றால் அதுவும் அடிதான். அவர் பாதத்தால் எண்ணி அடி என்றார். பன்னிரண்டு அங்குலத்தைத் தவிர வேறு அடியை அறியாத நான், பன்னிரண்டு அங்குலமாக எழுதிவிட்டேன்.

"அப்பா செருப்பு எனக்கு அளவா இருக்கும். காலும் அதே காலுதான்" என்று கணவர் சட்டென்று செருப்பைக் கழற்றினார்.

கிணற்றுச் சுவரில் குதிகாலை ஒட்டி வைத்து ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. ஐந்தாவதிலேயே கைகள் தாமாக மார்புக்கு நேரே கூப்பிக்கொண்டன.

"சார், கும்பிட வாணாம். குனிஞ்சி பாத்து நேரா வைங்க" என்றார் மண்வெட்டிக்காரர்.

"எங்கப்பா மாதிரியேதான் போறாரு, பாருங்க. இன்னும் கொஞ்சம் போனா தேங்காய் ஒடைக்கலாம்" என்றாள் நாத்தனார்.

மகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உரக்க எண்ணினாள். யாரும் நடுவில் பேசவில்லை. முப்பத்தாறில் நின்றார். நாங்கள் தோண்டிய பள்ளத்துக்கு ஓர் ஆள் நீளத்துக்கும் மேல் இந்தப் பக்கம். உடைத்தார்கள். முக்கால் அடி மண்ணுக்குக் கீழே கடப்பாரை கல்லில் பட்டு, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல 'டொங்'கென்றது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் நாடாவை எடுத்தேன். கிணற்றுச் சுவரிலிருந்து மூடிவரை இருபத்தெட்டு அடி ஆறு அங்குலம்.

முப்பதுக்குக் கம்மி. மாதம் முழுக்க நான் நம்பியிருந்த ஆறு அடி இல்லை. அதற்கும் கீழே ஒன்றரை அடி போய்விட்டது. மூடிக்கு இந்தப் பக்கமும் டேங்க் கொஞ்சம் நீண்டிருக்குமே என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது. கணவரிடம் நாடாவைக் காட்டினேன். "ஒன்றரை அடிதானே" என்றார். ஒன்றரை அடிக்காக அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் போன பத்திரங்களை நான் பிரதி எடுத்திருக்கிறேன்.

மூடியை நெம்பித் தூக்குவதற்கு முன்னால் தொழிலாளி தன் காதிலிருந்த பாதி பீடியை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தார். "இத உள்ள வைங்க சார். தீப்பெட்டியும் கிட்ட வர வாணாம். இதுக்குள்ள இருக்கிற காத்து பொல்லாதது." திறந்துவிட்டு, தள்ளிப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இறங்க வேண்டுமா என்று நான் பயந்துகொண்டே கேட்டேன்.

"எறங்க மாட்டேன்மா. எங்க மாமன் ஒரு வாட்டி எறங்குனாரு. ஏறல." சாதாரணமாகத்தான் சொன்னார். "மேல நின்னே எட்டுன வரைக்கும் அள்ளிடறேன். அடியில ஒரு முழம் நிக்கும், அது நின்னா தப்பில்ல. நீங்க மூணு வருசத்துக்கு ஒரு வாட்டி தெறந்தீங்கன்னா போதும்."

மூங்கில் வாளியால் அள்ளி அள்ளி டிரம்மில் ஊற்றி, வண்டியில் தள்ளிக்கொண்டு போய் வந்தார்கள். வெயில் ஏறி, மறுபடி இறங்கும்வரை நடந்தது. நடுவில் ஒரு தடவை அவர் கையைக் கழுவிக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார். கிணற்றடியில் இறைத்து வைத்த வாளி இருந்தது. செம்பில் மொண்டு கொடுத்தேன். அண்ணாந்து முழுவதையும் குடித்தார். இன்னொரு செம்பும் கேட்டுக் குடித்தார். கூட வந்தவர் வண்டியோடு போயிருந்தார்.

அவர் திரும்பிப் பள்ளத்தடிக்குப் போனதும், கதவிடம் நின்ற மகள் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, அவருக்கு எந்தத் தண்ணி குடுத்த?"

நான் அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே போனேன். அவளுக்காகக் கொதிக்க வைத்த தண்ணீர் மூடி போட்ட குடத்தில் நிறைய இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. மறந்துவிட்டேன் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. மறப்பதற்கு முதலில் நினைத்திருக்க வேண்டும்.

டேங்க் காலியானாலும் சாக்கடை அங்கேயே உயரத்தில்தான் இருந்தது. அடுத்த மழைக்கு மறுபடி ஏறும். அதற்கு வழி சொன்னவர் நாத்தனாரின் வீட்டுக்காரர். நிலத்தில் மணிலாக் கடலையும் நெல்லும் போடுகிறவர். காலையிலிருந்து வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெணத்து மோட்டாருக்கு அடியில ஃபுட் வால்வு வைக்கிறோமில்ல? மேல போன தண்ணி கீழ எறங்காம ஒரு தோலு மூடிக்குது. அதே வேலைதான் இங்கயும். சந்துப் பக்கம் குழாய் வாயில ஒரு நாக்கு தொங்கவுட்டா, நம்ம தண்ணி போனா தெறக்கும், ஊர்த் தண்ணி வந்தா மூடிக்கும்."

தீபத்தன்று காலை, லாரி டியூபில் வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு தகடு வைத்துத் தைத்து, மேல் பக்கம் மட்டும் இரண்டு கம்பியால் கட்டி, குழாய் வாயில் அவரே மாட்டினார். நாங்கள் உள்ளே ஒரு வாளி ஊற்ற, வெளியே நாக்கு எழுந்து தண்ணீரைத் துப்பிவிட்டு மூடிக்கொண்டது. "மூடியிருக்கறப்ப உங்க தண்ணியும் போகாது அண்ணி. பெரிய மழையில கம்மியா ஊத்துங்க. குப்பை சிக்கிச்சின்னா மூடாது, வாரத்துக்கு ஒரு வாட்டி பாத்துடுங்க" என்றார். எழுதிக்கொண்டேன்.

மூடிக்குப் புதிதாகக் கழுத்துக் கட்டி, தளத்துக்கு மேலே தெரியும்படி வைக்கச் சொல்லியிருந்தோம். கொத்தனார் தீபம் முடிந்துதான் வருவேன் என்றதால், மூடி சரியாகப் பொருந்தாமல் பலகை போட்டு மூடிக் கிடந்தது. அன்று மாலை மலைமேல் தீபம் ஏற்றியதும் ஊர் முழுக்க அகல் வைத்தார்கள். வாசல், ஜன்னல், மாடம் எங்கும் நாங்களும் வைத்தோம். கொல்லையில் மட்டும் ஒரு அகல்கூட வைக்கக்கூடாது என்று நான் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "கெணத்துக்கு வௌக்கு வைக்காத வீட்ட இன்னிக்குதான் பாக்கறேன்" என்றாள் நாத்தனார்.

அடுத்த வாரம் கிணற்றை இறைத்துக் காயவிட்டு, ஊறிய தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டோம். அதற்குப் பிறகும் கொதிக்க வைக்காமல் யாரும் குடிக்கவில்லை. ஆனால் குடித்தது குடித்ததுதானே. லேடி டாக்டரிடம் போய் எதையும் மறைக்காமல் சொன்னேன். "உள்ள போயிருந்தாலும் உடனே தெரியாதும்மா. நாப்பது நாள் பாருங்க. தெனம் கண்ணப் பாருங்க. வெள்ளையில மஞ்சள் தெரிஞ்சா அந்த நிமிஷம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து டைரியின் கடைசிப் பக்கங்களில் கட்டம் போட்டேன். ஒரு நாளுக்கு ஒரு கட்டம், நாற்பது கட்டம். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை நாற்பது கட்டம் போட்டேன். டேங்க் அள்ளியவர் தண்ணீர் குடித்தது மகள் குடித்ததற்கு இரண்டு நாள் கழித்து. அதனால் அந்த வரிசை இரண்டு நாள் தள்ளி ஆரம்பித்தது.

தினமும் காலை மகளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து, கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். "மாட்டு டாக்டர் மாதிரி பாக்கறியேம்மா" என்று அலுத்துக்கொள்வாள். ஒரு நாள் மஞ்சளாகத் தெரிந்தது. அவள் கட்டியிருந்த புடவையின் நிறம் அது. மறுநாளிலிருந்து வெள்ளைப் புடவை ஒன்றை அவள் தோளில் போட்டுவிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாவது நாள் சோறு வேண்டாம் என்றாள். பதினான்காவது நாள் சாப்பிட்டாள். இருபத்திரண்டாவது நாள் வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைக் கையில் வாங்கியவுடன் நான் செய்தது, ஜன்னலுக்குக் கொண்டுபோய் அதன் கண்ணைப் பார்த்ததுதான். கண்ணைத் திறக்கவே இல்லை. நர்ஸ் என்னைத் திட்டி உட்கார வைத்தாள்.

முதல் வரிசையில் நாற்பதாவது கட்டத்திலும் "வெள்ளை" என்று எழுதினேன். மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, "முடிஞ்சுதா உன் பரீட்சை?" என்று சிரித்தாள்.

இரண்டாவது வரிசை முழுக்கக் காலியாக இருந்தது. தீபத்துக்குப் பிறகு அவரை எங்கள் தெருவில் நான் பார்க்கவில்லை. இப்போது வேறு ஆள் பெருக்குகிறார். வேறு பக்கம் மாற்றியிருப்பார்கள் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டேன். வேறு காரணமும் இருக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். போய் விசாரிக்கவில்லை. மகளுடைய கட்டங்கள் முடியட்டும் என்று இருந்தேன் என்பதுதான் உண்மை.

அவருடைய நாற்பதாவது நாளில் மதிய இடைவேளையின்போது, புதிதாகப் பெருக்குகிறவரிடம் கேட்டுக்கொண்டு, செங்கம் ரோட்டில் நடந்தேன். வெகுதூரம் நடந்த பிறகு, சாக்கடையிலிருந்து அள்ளி ஓரத்தில் குவித்துக்கொண்டு நின்றவரின் முதுகு தெரிந்தது. காதில் பாதி பீடி.

"என்னாம்மா இவ்ளோ தூரம்? மறுபடியும் ஏறிச்சா?"

"இல்லப்பா. நல்லா இருக்குது." கொஞ்சம் கிட்டப் போனேன். வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது. தூக்கமில்லாத கண்கள், ஓரமெல்லாம் சிவப்பு. சிவப்பைத் தாண்டி வெள்ளை எப்படி இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

"இன்னாம்மா அப்படிப் பாக்கறீங்க? கண்ணுல ஏதாவது ஒட்டினு இருக்குதா?"

"ஒண்ணுமில்ல. உடம்பு நல்லா இருக்குதா? நடுவுல ஜொரம் கிரம் ஏதாவது?"

"எனக்கா?" என்று சிரித்தார். அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பதுபோல இருந்தது அந்தச் சிரிப்பு. "நல்லாத்தான் இருக்கேன். பாப்பாவுக்கு ஆயிடுச்சா?"

"பொண்ணு. ரெண்டு பேரும் சௌக்கியம்."

"அதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் அலுவலகத்திலிருந்து கிளம்பினேன். வழி முழுக்க அதற்கான வார்த்தைகளை அடுக்கிக்கொண்டும் வந்தேன்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து டைரியை எடுத்தேன். இரண்டாவது வரிசையின் நாற்பதாவது கட்டத்தில் "வெள்ளை. கொஞ்சம் சிவப்பு" என்று எழுதினேன். அதற்கு முன்னால் இருந்த முப்பத்தொன்பதையும் நிரப்பிவிடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களில் நான் பார்க்கவில்லை. அப்படியே விட்டேன்.